ஒரு நாள் பிந்தி வந்ததைப் பற்றி



சனிக்கிழமை மாலை கரைக்கு வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு ஞாயிறு காலைதான் வந்தோம். அன்றிலிருந்து வருகிற அறிவுரைகளுக்குத் தனித்தனியே பதில் எழுத முடியவில்லை. "இந்த வயதில் இது தேவையா, சேர்?" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

ஒன்ராறியோவின் அல்கொங்குவின் பூங்கா 1893 இல் உருவானது. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காடும் ஏரிகளும். உள்ளே பெரும்பாலான ஏரிகளுக்கு வீதி இல்லை. ஒரு ஏரி முடிந்தால் கனூ வள்ளத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு காட்டுப்பாதையால் அடுத்த ஏரிக்கு நடக்கவேண்டும். நாங்கள் நால்வர், இரண்டு வள்ளம், எட்டு நாள். போன் வேலை செய்யாது.

கடைசி ஏரி ஓப்பியோங்கோ, பூங்காவில் மிகப் பெரியது. அதன் வடக்குப் பக்கத்தில் இறங்கினோம். கார் நின்றது தெற்குக் கரையில், பத்துக் கிலோமீற்றருக்கு மேல் தள்ளி. காற்றோ தெற்கிலிருந்து. என்னிடம் புவியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: காற்று தடையில்லாமல் ஓடுகிற நீர்ப்பரப்பு நீள நீள அலை உயரும். நாங்கள் நின்றது அலை வந்து அடிக்கிற பக்கம். கரையோரமாகப் போகலாம்தான், ஆனால் குடாக்களின் வாயைக் கடக்கவேண்டும், முனைகளைச் சுற்றவேண்டும். செப்டெம்பர் கடைசித் தண்ணீரில் கவிழ்ந்தால் கை விறைக்க அதிக நேரம் எடுக்காது.

ஒரு நண்பருக்கு அன்று இரவு பேரனின் பிறந்தநாள். "எட்டு நாள் வலித்தாயிற்று, இது என்ன பெரிய தூரம்" என்றார். அந்தப் பேச்சுத்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. முதல் நாள் அந்த அலையைக் கண்டிருந்தால் அவரே வள்ளத்தில் ஏறியிருக்க மாட்டார். வீடு கிட்டே வந்ததும் மனிதருக்குத் துணிச்சல் கூடுகிறது, கவனம் குறைகிறது. நான் மறித்தேன். சத்தம் போட்டேன் என்பதும் உண்மை. மற்ற இருவரும் வாயே திறக்கவில்லை. அன்று பகல் முழுவதும் அவர் என்னோடு கதைக்கவில்லை. மிஞ்சியிருந்த நூடில்ஸை நால்வரும் பங்கிட்டுத் தின்றோம். விடியமுன் காற்று ஓய்ந்தது. தலைவிளக்கோடு புறப்பட்டு, கண்ணாடி போன்ற தண்ணீரில் வந்து சேர்ந்தோம்.

நின்றதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் மகள் இரவு முழுவதும் அழுதிருக்கிறாள். அது என் பிழை. "சனி மாலை வருவோம்" என்று உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. "ஞாயிறு மாலை வரை பயப்படவேண்டாம், அதற்குப் பிறகு பூங்காக்காரருக்கு அறிவி" என்று எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது காசு வீண் என்று சொன்னவனும் நானே. அடுத்த முறை எடுப்போம். ஆம், அடுத்த முறை இருக்கிறது.

நண்பர் இன்னும் சரியாகக் கதைக்கவில்லை. நேற்று அவருடைய பேரனுக்குப் போன் எடுத்து, அம்மப்பாவை மறித்தது நான்தான் என்று சொன்னேன். "அலை எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டான்.