எரியுலை தீர்க்காத குப்பை

துபாய், ஷார்ஜா போன்ற வளைகுடா நகரங்களில் குப்பைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் நவீன ஆலைகளே அதற்குக் காரணம், தமிழ்நாடும் அவ்வழியில் சென்றால் போதும் என்ற நம்பிக்கை அங்கு வாழும் தமிழரிடையேயும், அங்கே சென்று திரும்பும் அதிகாரிகள், வணிகர்களிடையேயும் வேரூன்றியிருக்கிறது. தெருக்களின் தூய்மை கண்ணெதிரே தெரிவதால் இந்நம்பிக்கைக்குச் சான்று கேட்போர் குறைவு. ஆயினும் அந்த ஆலைகளின் கணக்கையே எடுத்து ஆராய்ந்தால் அது நிலைக்காது.

ஷார்ஜாவில் பீஆ, மஸ்தார் ஆகிய நிறுவனங்கள் கூட்டாக அமைத்து 2022 மே மாதம் திறக்கப்பட்ட ஆலை ஆண்டுக்கு 3 லட்சம் டன் கழிவை எரித்து 30 மெகாவாட் மின்சாரம் தரும் திறனுடையது. துபாயின் வர்சான் பகுதியில் 2023இல் முதற்கட்டமாக இயங்கத் தொடங்கிய ஆலையோ நாளொன்றுக்கு 5,666 டன் கழிவை ஏற்கும் வகையில் திட்டமிடப்பட்டது. உலகின் மிகப்பெரிய எரியுலைகளுள் அதுவும் ஒன்று. குப்பைமேட்டில் அழுகும் உணவிலிருந்து வெளிவரும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டக்கூடியது என்பதால், திறந்தவெளிக் கிடங்கைவிட இத்தகைய ஆலை மேலானது என்பதில் மறுப்பில்லை. மறுப்பு, குறைந்த தீமையைத் தீர்வென்று கொண்டாடுவதில்தான். வர்சான் ஆலை முழுவீச்சில் தரக்கூடிய சுமார் 220 மெகாவாட், 16,000 மெகாவாட்டைத் தாண்டிய துபாயின் மின்னுற்பத்தித் திறனில் ஒன்றரை விழுக்காட்டைக்கூட எட்டாது.

எரியுலைக்கு எது தீனி என்பதே முதன்மையான கேள்வி. ஒரு பொருள் எரியும்போது தரும் வெப்பத்தின் அளவைக் கலோரி மதிப்பு என்பர். சோறு, காய்கறி, பழத்தோல் போன்றவற்றின் எடையில் பெரும்பகுதி நீர் என்பதால் அவற்றின் கலோரி மதிப்பு மிகத் தாழ்ந்தது. அந்த நீரை ஆவியாக்கவே உலையின் வெப்பம் செலவாகிறது. உலையைச் சூடாக வைத்திருப்பவை பிளாஸ்டிக், காகிதம், அட்டை ஆகியவை. அதாவது மறுசுழற்சிக்குச் செல்லவேண்டிய பொருட்களேதாம். எண்ணெயிலிருந்து பிறந்த பிளாஸ்டிக்கை எரிப்பது எண்ணெயை எரிப்பதற்கு நிகரானதே என்பதால், அம்மின்சாரத்தைப் பசுமை மின்சாரம் என்பது பாதி உண்மைகூட ஆகாது. ஐக்கிய அரபு அமீரகம் 2024 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்திருக்கும் நிலையில், வர்சான் ஆலைக்கான உரிமை ஒப்பந்தம் 35 ஆண்டுகளுக்கானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முரண்பாடு விளங்கும்: கழிவைக் குறைக்க விரும்பும் நாடு, தலைமுறைக் காலத்துக்குக் கழிவை எதிர்பார்த்து நிற்கும் உலையைக் கட்டியிருக்கிறது. இந்நிலை எங்கே கொண்டுவிடும் என்பதற்கு டென்மார்க் சான்று. உலைகளை அளவுக்கு மீறிக் கட்டிவிட்டு, அவற்றை நிரப்ப அயல்நாட்டுக் குப்பையை இறக்குமதி செய்த அந்நாடு, 2020இல் தன் எரிப்புத் திறனை 30 விழுக்காடு குறைக்க முடிவெடுத்தது.

எரித்தபின் எதுவும் மிஞ்சுவதில்லை என்பதும் தவறு. உள்ளே செல்லும் கழிவின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அடிச்சாம்பலாகத் திரும்புகிறது. அதைச் சாலைப் பணிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் புகையை வடிகட்டும்போது சேரும் பறக்கும் சாம்பல் கன உலோகங்களும் டையாக்சின்களும் அடங்கிய அபாயக் கழிவு என்பதால் தனியே பாதுகாக்கப்பட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, குப்பைமேட்டுக்குச் செல்லாத கழிவின் விகிதத்தைக் கணக்கிடும்போது எரித்ததையும் மறுசுழற்சி செய்ததையும் ஒரே கணக்கில் எழுதிக் கழிவில்லா நகரம் என்று பறைசாற்றுகிறார்கள். கழிவைத் தவிர்த்தல், மறுபடி பயன்படுத்தல், மறுசுழற்சி செய்தல், ஆற்றல் எடுத்தல், புதைத்தல் என வரிசைப்படுத்தும் கழிவுப் படிநிலையில் எரிப்பது நான்காம் படி. அதை முதற்படியாகக் காட்டுவது கணக்குப் புரட்டு.

வளைகுடாவின் பல அடுக்கு மாடிக் கட்டடங்களில் தளந்தோறும் சிறு அறையொன்றும் அதன் சுவரில் குப்பைக் குழாயின் மூடியும் உண்டு. மிஞ்சிய பிரியாணி, பேட்டரி, குளிர்பானக் கேன், அமேசான் அட்டைப்பெட்டி எல்லாம் ஒரே கறுப்புப் பையில் அக்குழாய் வழியே விழுந்து, அடித்தளத்துத் தொட்டியில் குழம்பாகக் கலக்கின்றன. வாசலில் பிரிக்காததைப் பிறகு பிரிக்க வேண்டியவர்கள், பெரும்பாலும் தெற்காசியாவிலிருந்து வந்து, ஐம்பது டிகிரியை நெருங்கும் கோடையிலும் உழைக்கும் துப்புரவுத் தொழிலாளர்கள். தெருவின் தூய்மைக்கும் அவர்களே காரணம், எரியுலை அன்று. பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த தமிழ்நாட்டு வண்டிக்காரர் வீட்டு வாசலிலேயே முடித்துவிட்ட வேலை, அப்பழம் விளையும் நாட்டில் இயந்திரத்துக்கும் எட்டாமல் போவது வேடிக்கைதான். அலுமினியத்தை மறுசுழற்சி செய்தால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கான ஆற்றலில் 95 விழுக்காடு மிச்சமாகும். அந்தக் கேன் உலைக்குள் போனால் வெப்பமும் தராது, சாம்பலிலிருந்து மீட்டால்கூட ஒரு பகுதி வீணாகிவிடும்.

பிரித்தல் நடைமுறைக்கு ஒவ்வாது என்ற வாதத்துக்கும் விடை இருக்கிறது. தென்கொரியா 2005இல் உணவுக் கழிவைப் புதைப்பதைத் தடைசெய்து, 2013 முதல் எடைக்கேற்பக் கட்டணம் விதித்து, இன்று அதில் மிகப் பெரும்பகுதியை உரமாகவும் தீவனமாகவும் எரிவாயுவாகவும் மாற்றுகிறது. அத்தனை தொலைவு போவானேன்? வளைகுடாவுக்கு ஆட்களை அனுப்பும் கேரளத்தின் ஆலப்புழை நகரம், சர்வோதயபுரம் மக்கள் 2012இல் தங்கள் ஊருக்குக் குப்பை வருவதை மறித்தபின், வீட்டுக்கு வீடு குழாய் உரத்தொட்டியும் சாண எரிவாயுக் கலம் போன்ற சமையலறைக் கலமும் வைத்துச் சமாளித்தது. அமீரகத்தில் உணவு வீணாதலை 2030க்குள் பாதியாகக் குறைக்க முனையும் நிஅமா என்ற தேசிய இயக்கம் செல்லும் திசை சரியானது; விடுதிகளின் பஃபே மேசைகளுக்கும் பெருநிறுவன உணவுக்கூடங்களுக்கும் எடைக்கேற்பக் கட்டணம் விதித்தால் அது இன்னும் வலுப்படும்.

சென்னைக் கொடுங்கையூரில் எரியுலை அமைக்கும் திட்டத்தை வடசென்னை மக்கள் எதிர்ப்பதை வளர்ச்சிக்கு விரோதமென்று ஏளனம் செய்வோர், துபாயைக் காட்டி அவர்கள் வாயை அடைக்க முயல்வது நேர்மையன்று. தெருக்களில் பிரித்து வாங்கிய மக்கும் கழிவும் மக்காத கழிவும் லாரியில் மறுபடி கலக்கப்படாமல் தடுத்து, வட்டந்தோறும் உரக்கூடமும் எரிவாயுக் கலமும் ஒழுங்காக இயங்கச் செய்து, அதன்பின் உண்மையிலேயே எதற்கும் உதவாமல் மிஞ்சுவது எவ்வளவு என்பதைச் சென்னை மாநகராட்சி எடைபோட்டுக் காட்ட வேண்டும். அதுவரை எரியுலைக்கு அனுமதி கேட்க அதற்கு உரிமையில்லை.