பிளானில் கேள்விக்குறி வந்தால் மேஸ்திரி என்ன செய்வார்?

புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் பிளானை விரிக்கிறார் மேஸ்திரி. 'இந்தத் தேக்கு நிலையை எடுக்கக் கூடாது' என்ற குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். வரைந்தவரின் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிரின்ட் போட்ட கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். ஆனால் பெயர்த்தெடுத்த நிலை திரும்பி வராதே!

கையால் வரைந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1930-களின் பிற்பகுதியில் இதே ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி எழத் தொடங்கியது. ஆன்டனின் ரேமண்ட், ஜார்ஜ் நகாஷிமா, ஃபிரான்டிஷெக் ஸம்மர் மூவரும் அதில் உழைத்தார்கள். அன்றைய வரைபடத்தில் எழுத்தும் கோடும் ஒரே தாளில் ஒட்டிப் பிறந்தவை. தாள் எங்கே போனாலும் எழுத்தும் கூடவே போகும்.

1982-ல் ஆட்டோகேட் வந்தபிறகு கோடு ஃபைலுக்குள் போனது. ஃபான்ட் தனியாக வெளியே நின்றது. எழுத்தில் இருந்த கைமணமும் குறைந்தது. அதை மீட்க 1989-ல் டெக்டன் என்ற ஃபான்டை டேவிட் சீகல் உருவாக்கினார். பல தலைமுறை ஆர்க்கிடெக்ட் மாணவர்களுக்குப் பழக்கமான பிரான்சிஸ் சிங்கின் கையெழுத்துதான் அதற்கு மூலம். இன்று 'ஆர்க்கிடெக்ட்ஸ் டாட்டர்' போன்ற ஃபான்டுகள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அதில் தமிழ் இல்லை.

தமிழுக்கு எது?

தெருப் பெயர்ப் பலகையிலேயே தமிழும் பிரெஞ்சும் சேர்ந்திருக்கும் ஊர் இது. பிளானிலும் இரண்டு மொழி தேவைப்படலாம். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' சற்றே சாய்ந்த, கையால் எழுதியது போன்ற தமிழ் ஃபான்ட். யூனிகோடில் இயங்குவது, இலவசம். பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்தால் ஆபத்து அதிகம். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

தேர்வு செய்யுமுன் ஐந்து சோதனைகள்

1. 'கொ', 'பூ', 'ஸ்ரீ' ஆகியவற்றை வரைபட மென்பொருளிலேயே அடித்துப் பாருங்கள். சில மென்பொருட்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

2. 1-ம் 7-ம், 3-ம் 8-ம் குழப்பமில்லாமல் தெரிகின்றனவா? அழகான ஃபான்டில் அளவு தப்பாகப் படிக்கப்பட்டால் அந்த அழகால் பயனில்லை. சந்தேகம் இருந்தால் அளவுகளுக்கு மட்டும் சாதாரண ஃபான்ட் போதும்.

3. டிகிரி, விட்டம், கூட்டல்-கழித்தல் குறிகள் வருகின்றனவா? பிரெஞ்சுப் பெயர்களின் மேற்குறிகளும் வர வேண்டும். இல்லாத இடத்தில் வெறும் கட்டம் தெரியும்.

4. உயரத்தைக் கணக்கிடுங்கள். தாளில் 2.5 மி.மீ. எழுத்து வேண்டும் என்றால், 1:100 அளவில் நிஜ அளவோடு வரையும் இடத்தில் 250 மி.மீ. கொடுக்க வேண்டும். சுழியும் வளைவும் நிறைந்த தமிழுக்கு 3.5 மி.மீ. நல்லது, அப்போது 350.

5. ஃபைலை அனுப்பும்போது ஃபான்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஆட்டோகேடில் 'ஈ-டிரான்ஸ்மிட்' வசதியில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட் என்றால் பிறருக்கு அனுப்ப அனுமதி உண்டா என்று உரிமத்தைப் பாருங்கள்.

கூடவே, ஃபான்ட் உள்ளடங்கிய பி.டி.எஃப். ஒன்றும் எடுத்துவிட்டால் பிரின்ட் கடைக்கு அது போதும். அதை அனுப்புமுன் வேறொரு போனில் திறந்து பார்த்துவிடுவது இன்னும் பத்திரம்.

வீடு கட்டுபவர்களும் ஒன்று செய்யலாம். வேலை தொடங்கும் நாளில் மேஸ்திரியிடம் பிளானைக் கொடுத்து, குறிப்புகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் படித்தால் ஃபான்ட் சரி. எங்காவது நிறுத்தினால், அவர் கடப்பாரையை எடுக்குமுன் நீங்கள் போனை எடுத்து ஆர்க்கிடெக்டைக் கூப்பிடுங்கள்.