வெள்ளைப் பனியை நம்பலாமா?

குமாரலிங்கபுரத்துக் கரிசல் காட்டில் பனி என்றால் என்ன? மார்கழி விடியற்காலையில் பருத்தி இலைமேல் நிற்கும் துளி. வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். அதனால் யாருக்கும் தீங்கில்லை.

இமயமலையில் விழும் பனி வேறு. அது பஞ்சுபோல் விழுந்து, பாறைபோல் இறுகும். சில வேளைகளில் மலையை விட்டு மொத்தமாகச் சரியும். அதுதான் பனிச்சரிவு.

காவல் நின்றவர்கள்

"வடக்கே நடப்பது நமக்கு எதற்கு?" என்று அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தார் இருந்துவிட முடியாது.

2016-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த ராணுவ முகாம் பனியில் புதைந்தது. அங்கே காவல் நின்ற மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேர் சிக்கினார்கள். அவர்களில் நால்வர் மதுரை, தேனி, வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறாவது நாள் உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் 11-ந் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். பத்துக் குடும்பங்கள் கண்ணீரில் மூழ்கின.

எப்படிச் சரிகிறது?

சாய்ந்த முறத்தில் கம்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டை வைத்தால் நிற்குமா? மணிகள் உருளும், தட்டு வழுக்கி விழும்.

மலையிலும் இதேதான். ஒவ்வொரு முறை பெய்யும் பனியும் ஓர் அடுக்கு. அடியில் உள்ள அடுக்கு சர்க்கரைபோல் உதிரியாக இருந்து, மேலே உள்ள அடுக்கு காற்றடித்து இறுகியிருந்தால் ஆபத்து. ஒரு மனிதனின் எடையே அதைச் சரித்துவிடும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது அதிகம். பெரும் பனி பெய்த மறுநாளும், திடீரென்று வெயில் ஏறும் நேரமும் மிகவும் பொல்லாதவை.

விளையாட்டு வினையானது

காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் வழுக்கிச் செல்வது பனிச்சறுக்கு. காஷ்மீரின் குல்மார்க் இதற்குப் பேர்போனது. காவல் உள்ள பாதையை விட்டு, யாரும் மிதிக்காத பனியைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் அங்கே பனிச்சரிவில் மாண்டார்கள். 2024 பிப்ரவரியில் ரஷியர் ஒருவர் பலியானார்.

சறுக்கு வீரர்கள் சிக்கும் விபத்துக்களில் பெரும்பாலானவை தாமாக நேர்வதில்லை. சிக்கியவரோ, அவருடன் சென்றவரோ மிதித்ததால்தான் பனி சரிகிறது.

எல்லை தாண்டினால்...

சறுக்கு விளையாடாத குடும்பங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 4-ந் தேதி, சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையில் பனி சரிந்து, சுற்றுலா வந்த 7 பேர் இறந்தார்கள். 13-வது மைல் வரையே அனுமதி. விபத்து நடந்ததோ 15-வது மைலில் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இரண்டு மைல் ஆசை ஏழு உயிரைக் குடித்தது!

பத்து நிமிடம்

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால், பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. போலீசும் ராணுவமும் வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே உடன் இருப்பவரே காப்பாற்ற வேண்டும். இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வெட்டி ஆகிய மூன்றும் இல்லாமல் மலைச்சரிவில் சறுக்கப் போவது தற்கொலைக்குச் சமம்.

சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனம் பனிக்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைக் கேட்ட பிறகே பயணம் புறப்பட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்களை அழைத்துச் செல்லும் சுற்றுலாக்காரர்கள் அந்த எச்சரிக்கையைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம் மேலே போகலாம்" என்று டிரைவரை நச்சரிப்பதைப் பயணிகளும் விட வேண்டும்.

சியாச்சினில் நிற்கும் சிப்பாய், ஆபத்து என்று தெரிந்தும் இடத்தை விட்டு நகர முடியாது. அது நாட்டுக்காகச் செய்யும் கடமை. வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "இதற்கு மேல் போகாதே" என்ற பலகையைக் கண்டால் அவர் திரும்பிவிடலாம். பனியை நாளையும் பார்க்கலாம். போன உயிர் திரும்பாது!