அலுவல் இல்லாமல் யாழ் நகரில் ஒரு நடை



யாழ்ப்பாண நகரத்துக்குக் கடைசியாக எதற்காகப் போனீர்கள்? சற்று நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்காக இருக்கும். வங்கியில் அடகு வைத்த நகையைத் திருப்பவோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கவோ போயிருப்பீர்கள். சிலர் காணாமற்போன மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வீதியோரத்தில் நிற்கப் போயிருப்பீர்கள். எங்களில் பலருக்கு நகரம் என்றால் வரிசைகளும் படிவங்களும்தான். அலுவல் முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பிவிடுகிறோம். அந்த நகரத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு நாளாவது போனோமா?

இத்தாலியில் ரோம், புளோரன்ஸ் போன்ற பழைய நகரங்களுக்குப் போகிறவர்கள், வழிகாட்டி எவருமின்றி ஒரு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பார்ப்பார்கள். அதே நாட்டின் பலெர்மோ நகரில் வாழும் எங்கள் தமிழர்கள் பலர் மலைமேலுள்ள புனித றோசாலியா ஆலயத்துக்கு நடந்தே ஏறுகிறார்கள். கடல் கடந்து போன இடத்தையே எம்மவர் கால்நடையாக அறிந்து கொள்ளும்போது, சொந்த நகரத்தை நாங்கள் ஏன் அப்படி அறியக்கூடாது?

இந்த எண்ணத்தோடு, எங்கள் ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் ஐந்து பேருடன் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டேன். நாங்கள் போன வழியைக் கீழே தருகிறேன். ஆறுதலாக நடந்தால் அரைநாள் போதும். பஸ் செலவும் ஒரு தேநீர்ச் செலவும் தவிர வேறு பெரிய செலவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து

பஸ்ஸால் இறங்கியதும் பக்கத்திலேயே யாழ் போதனா வைத்தியசாலை. எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். ஆனால் 1850ஆம் ஆண்டில் அரச அதிபராக இருந்த டைக் துரையின் முயற்சியால் இது தொடங்கியது என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1987 ஒக்ரோபர் 21ஆம், 22ஆம் திகதிகளில் இந்தியப் படையினர் உள்ளே புகுந்தபோது வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் நோயாளரும் இங்கே கொல்லப்பட்டார்கள். அவர்களை ஆண்டுதோறும் இங்கு நினைவுகூருகிறார்கள். நாங்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்றோம்.

அங்கிருந்து வேம்படிப் பக்கம் நடந்தோம். வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை மெதடிஸ்த மிஷனரிமாரால் 1834இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, 1824இல், உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டார்கள். 'பெட்டைக்குப் படிப்பு எதற்கு' என்று ஊர் கேட்ட காலம் அது. இருநூறு வருடங்களாக இந்த மண்ணில் பெண்கள் எழுதப் படிக்கக் கற்று வருகிறார்கள். உங்கள் மகளின் படிப்பை இடையில் நிறுத்த யோசிக்கும்போது இந்த மதிலை ஒருமுறை நினைத்துக் கொள்ளுங்கள்.

மணிக்கூடும் நூலகமும்

அடுத்து மணிக்கூட்டுக் கோபுரம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாக எழுப்பப்பட்டது. போரில் இது சிதைந்து, மணிக்கூடும் நின்று போனது. பின்னர் திருத்தி எழுப்பினார்கள். அருகிலுள்ள சுப்பிரமணியம் பூங்காவில் மரநிழலில் இருந்து தண்ணீர் குடித்தோம். எங்களுடன் வந்த ஒரு அக்கா, "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். ஆனா நான் இருக்கிறதுக்கெண்டு இண்டைக்குத்தான் வந்தனான்" என்றார்.

பிறகு பொது நூலகம். இதை வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள். க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துத் தொடங்கிய சிறு நூலகமே இதன் வித்து. 1934இல் ஒற்றை அறையில் 844 நூல்களுடன் அது பொது நூலகமாகியது. இந்தப் பெரிய கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் இதற்குத் தீ மூட்டினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார், நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார் என்பது யாழ்ப்பாணம் மறக்காத செய்தி. போரில் மேலும் சேதமடைந்த கட்டடம் திருத்தப்பட்டு, 2004ஆம் ஆண்டு முதல் மீண்டும் வாசகருக்குத் திறந்திருக்கிறது.

எங்கள் குழுவில் ஒருவர் 1995 இடப்பெயர்வோடு எட்டாம் வகுப்பில் படிப்பை விட்டவர். 'உள்ள விடுவினமோ அக்கா?' என்று வாசலில் தயங்கினார். முன்னாலிருக்கும் சரஸ்வதி சிலையைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனோம். அவர் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தவர், அரை மணித்தியாலம் எழும்பவே இல்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை. சகோதரிகளே, இது பொது நூலகம். பொது என்ற சொல்லுக்குள் நீங்களும் நானும் இருக்கிறோம்.

முற்றவெளி

நூலகத்துக்கு அப்பால் முற்றவெளி. 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் பொலிஸார் கூட்டத்துள் புகுந்தபோது உயிரிழந்தவர்களின் நினைவுத் தூண்கள் இங்கே நிற்கின்றன. தந்தை செல்வாவின் உயர்ந்த நினைவுத் தூபியையும் பார்க்கலாம். கோட்டைக்கு அருகில் முனியப்பர் கோவில். ஒரு சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு நடக்கலாம்.

புதிதாக எழுந்திருப்பது இந்திய அரசின் நன்கொடையில் கட்டப்பட்ட கலாசார மண்டபம். 2023 பெப்ரவரியில் அது கையளிக்கப்பட்டது. எரிந்து எழுந்த நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தப் புதிய கட்டடம் நிற்பதைப் பார்த்து, "எங்கட ஊரும் வளந்துதான் போச்சு" என்றார் எங்களில் மூத்தவர்.

கோட்டை

கடைசியாகக் கோட்டை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த பின் இங்கே கோட்டை கட்டினார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்கள் அதை ஐந்து மூலையுள்ள பெருங்கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மதிலை உற்றுப் பாருங்கள், முருகைக் கற்கள் தெரியும். உள்ளே 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் இருந்தது. 1990இல் நடந்த சண்டையில் அழிந்து, இன்று கற்குவியலாகக் கிடக்கிறது. போர் முடிந்த பின் நெதர்லாந்தின் உதவியோடு கோட்டையில் திருத்த வேலைகள் நடந்தன.

இந்த வரலாற்றை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எண்பதுகளில் கோட்டையிலிருந்து வந்த ஷெல்லடியில் ஓடியவர்கள் நாங்கள். எங்களுடன் வந்த ஒரு அம்மா கொட்டடியைச் சேர்ந்தவர். ஷெல் விழுந்து வீட்டையும் மாமியாரையும் இழந்தவர். "நான் உள்ள வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ" என்று அகழிப் பாலத்தில் நின்றுவிட்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஒருவர் அவருக்குத் துணையாக நின்றார்.

சிறிது நேரத்தில் அவராகவே எங்கள் பின்னால் வந்தார். மதில்மேல் ஏறிச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் கடனீரேரி, மறுபக்கம் கொட்டடிக் கூரைகள். நெடுநேரம் அந்தக் கூரைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இஞ்ச நிண்டுதானே எங்களைப் பாத்தவங்கள்" என்றார். பிறகு, "எங்கட முத்தத்து மாமரம் நிண்ட இடம் இஞ்சயிருந்து தெரியுது" என்று கை நீட்டிக் காட்டினார். எங்களில் எவரும் ஒன்றும் பேசவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினோம்.

நான் இந்த நடையைப் பற்றி எழுதுவதற்கு அதுவே காரணம். எந்த இடத்திலிருந்து எங்கள்மேல் பயம் வந்ததோ, அந்த இடத்தில் நாங்களே விரும்பிப் போய், எங்கள் நேரத்தில் நின்று பார்ப்பது சிறிய காரியமல்ல. நடந்த துயரம் அதனால் மாறிவிடாது. ஆனால் அந்த இடத்தைப் பயம் மட்டும் ஆள வேண்டியதில்லை.

பண்ணைக் கரையில் காற்று வாங்கி, தீவுப் பக்கம் போகும் பாலத்தைப் பார்த்துவிட்டு, பெரியகடைப் பக்கம் வந்து வடையும் தேநீரும் குடித்து வீடு திரும்பினோம்.

போக விரும்புவோருக்குச் சில யோசனைகள்:

• தனியே போகாமல் இரண்டு, மூன்று பேராகப் போங்கள். வெயில் ஏற முன் தொடங்குங்கள். குடையும் தண்ணீர்ப் போத்தலும் தேவை. காலுக்குப் பழகிய செருப்பைப் போடுங்கள்.

• எல்லா இடத்தையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றில்லை. மனம் ஒப்பாத இடத்தைத் தாண்டிப் போங்கள். நெஞ்சு படபடத்தால் இருந்து, தண்ணீர் குடித்து, துணைக்கு வந்தவரிடம் சொல்லுங்கள்.

• ஊன்றுகோலோடு அல்லது பொய்க்காலோடு நடப்பவர்கள் பூங்காவையும் நூலகத்தையும் மட்டும் பார்த்தாலே ஒரு காலைப்பொழுது நிறைவாகும். கோட்டை மதிலில் ஏறுவது சிரமம்.

• வயதான ஒருவரையும் ஒரு பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்பார். எங்கள் வரலாறு அப்படித்தான் கை மாற வேண்டும்.

இன்னொரு நாளைக்கு நல்லூரை வைத்துக் கொள்ளுங்கள். மந்திரிமனை, சங்கிலித்தோப்பு வளைவு, யமுனா ஏரி, கந்தசுவாமி கோவில் எல்லாம் ஒன்றுக்கொன்று கிட்ட உள்ளவை. அவற்றைப் பற்றி வேறோர் இதழில் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வழி இருக்கும். பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று எங்கே இருந்தாலும், எந்த மரத்தடியில் தொடங்கி எந்தக் கேணியில் முடிப்பீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். எழுத்துப்பிழை பற்றி யோசிக்க வேண்டாம். அடுத்த இதழில் சந்திப்போம்.