தண்டவாளம் கிடந்த தடத்தில்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாஷிங்டன் - ஓல்ட் டொமினியன் தடத்தில் 1968 வரை ரயில் ஓடியது. இன்று அது 45 மைல் தார்ப்பாதை. ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அன்று பார்த்துப் பார்த்துப் போட்ட அந்த மென்சரிவு இன்லைன் ஸ்கேட்டிங்குக்கு வரப்பிரசாதம். பக்கவாட்டில் உந்தி உந்திப் போவதால் தொடைக்கும் இடுப்புக்கும் சரியான வேலை. ஓட்டத்தைப் போல ஒவ்வோர் அடியும் முழங்காலில் இடிப்பதில்லை. மாதாமாதம் பணம் கட்டி டிரெட்மில்லில் நின்ற இடத்திலேயே ஓடுவதைவிட (அதையும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு!) இது எவ்வளவோ மேல். ஆனால் வழியில் கார்ச் சாலைகள் குறுக்கிடும். ஈரச் சருகு சறுக்கிவிடும். விழுகிறவர் முதலில் ஊன்றுவது கையைத்தான். பிரேக் பிடிக்கப் பழகிவிட்டு, ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் கவசமும் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.