ஆதியாகமப் பட்டாவும் அமெரிக்க எண்ணெய்க் கிணறும்



பூமி வருஷத்துக்கு வருஷம் சூடேறிக்கொண்டு வருகின்றது. இதற்கு மனிதன் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே காரணம் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டுகின்றார்கள். ஆனால் இதற்கும் கடவுளிடம் போய் யோசனை கேட்கின்ற கூட்டம் ஒன்று இருக்கின்றது. அதுவும் விஞ்ஞானத்தில் முதன்மை பெற்ற அமெரிக்காவில், சட்டசபைக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டிருக்கின்றது. இதைச் சற்று ஆராய்வோம்.

ஆதியாகமம் முதல் அதிகாரம் 28-வது வசனத்தில், பூமியைக் கீழ்ப்படுத்திச் சகல ஜீவன்களையும் ஆண்டுகொள்ளும்படி கடவுள் மனிதனுக்கு உத்தரவு கொடுத்ததாக எழுதியிருக்கின்றது. அதாவது உலகம் முழுமைக்கும் மனிதன் பேரால் ஒரு பட்டா! மீனைக் கேட்டு எழுதினதா? காட்டைக் கேட்டு எழுதினதா? எழுதினவனும் மனிதன், பெற்றுக்கொண்டவனும் மனிதன், கையெழுத்து மாத்திரம் கடவுளுடையது!

இப்படிச் சொல்லுவது நாஸ்திகர்களாகிய நாம் மாத்திரமல்ல. லின் ஒயிட் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியர், தாமும் கிறிஸ்தவராயிருந்தும், இயற்கையைச் சூறையாடும் மனப்பான்மையில் மேனாட்டுக் கிறிஸ்தவத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று 1967-ம் வருஷத்தில் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்.

உடனே வேதசாஸ்திரிகள், "ஆளுவது என்றால் அழிப்பதல்ல, காப்பது" என்று இரண்டாம் அதிகாரத்தைக் காட்டிப் பதில் சொன்னார்கள். 2015-ல் போப் பிரான்ஸிஸும் இதே கருத்தை வெளியிட்டு, கரியையும் எண்ணெயையும் கைவிடவேண்டும் என்றார். யோசனை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த அர்த்தம் இத்தனை நூற்றாண்டுகளாக யாரைக் காத்தது? முன்னும் சிலர் இப்படிச் சொன்னதுண்டு. அதைக் கேட்டு மூடப்பட்ட சுரங்கம் ஒன்றையாவது காட்ட முடியுமா?

நிற்க, அதே புஸ்தகத்தை ஜேம்ஸ் இன்ஹோப் என்ற அமெரிக்க செனட்டரும் படித்தார். வெயிலும் குளிரும், விதைப்பும் அறுப்பும் பூமியுள்ளவரை ஒழியாது என்று கடவுள் வாக்குக் கொடுத்துவிட்டதால், மனிதன் அதை மாற்றமுடியும் என்று நினைப்பதே அகங்காரம் என்று 2012-ல் பேசினார். அதற்கு ஆதாரம் ஆதியாகமம் எட்டாம் அதிகாரமாம்! 2015-ல் செனட் சபைக்குள் ஒரு பனிக்கட்டி உருண்டையைக் கொண்டுவந்து, பூமி எங்கே சூடேறுகிறது என்று வேடிக்கை காட்டினவரும் இவரே. சுற்றுச்சூழலைக் கவனிக்கும் செனட் கமிட்டிக்கு அப்பொழுது தலைவர் யார் என்றால், இவரேதான்! ஆட்டுப்பட்டிக்கு ஓநாய் காவல் என்பது இதுதானே?

ஒரே புஸ்தகம்: போப் படித்தால் "காப்பாற்று" என்கின்றது, செனட்டர் படித்தால் "கவலைப்படாதே" என்கின்றது. படிக்கிறவனுக்குத் தக்கபடி பேசும் புஸ்தகத்தைக் கடவுள் வாக்கு என்பதைவிட, படிக்கிறவன் வாக்கு என்பதல்லவா பொருத்தம்?

இனி, பணம் எந்தப் பக்கம் போயிற்று என்று பார்ப்போம். வேதத்தில் ஒரு எழுத்தும் தவறில்லை என்று சாதிக்கும் கூட்டத்துக்கு மூலமான 'பண்டமென்டல்ஸ்' புஸ்தகங்கள் 1910 முதல் 1915 வரை வெளிவந்தன. அவற்றை அச்சடித்து இலவசமாய் வழங்கப் பணம் கொடுத்தவர் லைமன் ஸ்டூவர்ட், கலிபோர்னியாவில் யூனியன் ஆயில் கம்பெனியை ஸ்தாபித்தவர். 1956-ல் ஆரம்பித்த 'கிறிஸ்டியானிட்டி டுடே' பத்திரிகைக்குப் பெரும் பணம் கொடுத்த ஹோவர்ட் பியூ, சன் ஆயில் கம்பெனியின் தலைவராயிருந்தவர். பக்தர்களெல்லாம் விலைக்குப் போனவர்கள் என்று நாம் சொல்லவில்லை. எண்ணெய் முதலாளியின் காசில் வளர்ந்த பிரசங்கம், எண்ணெயைத் தோண்டாதே என்று சொல்ல வாய் வருமா என்றுதான் கேட்கின்றோம்.

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை 1859-ல் டிண்டால் சோதனை செய்து காட்டினார். அது கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று 1896-ல் அர்ரேனியஸ் கணக்கிட்டார். 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் கீலிங் என்பவர் அளக்க ஆரம்பித்தார். அப்பொழுது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. இந்த எண் போப் படித்தாலும் அதேதான், செனட்டர் படித்தாலும் அதேதான், நாஸ்திகன் படித்தாலும் அதேதான். வேதத்துக்கும் அறிவுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

இதைப் படித்து இந்து மத பக்தர்கள் கைகொட்டிச் சிரிக்கவேண்டாம். கங்கையைத் தாய் என்றும் தெய்வம் என்றும் கும்பிட்டுக்கொண்டே அதில் சாக்கடையை விடுகிறவர்களுக்கு அந்த யோக்கியதை ஏது? அடிமை என்றாலும் ஆறு கெடுகிறது, அம்மன் என்றாலும் ஆறு கெடுகிறது.

கடைசியாக ஒன்று. வெயில் கடுமையானால் வயலில் நிற்கும் கூலிக்காரன் சுருண்டு விழுகிறான். கடல் உயர்ந்தால் கரையோரக் குடிசை முதலில் போகின்றது. குளிர்சாதன அறையிலிருந்து வசனம் படிக்கிறவனுக்கு ஒரு குறைவும் வருவதில்லை. பட்டாவின் பலன் ஒருவனுக்கு, கிஸ்தி கட்டுகிறவன் மற்றொருவன்!

ஆகவே தோழர்களே, இனி யாராவது பூமியைப்பற்றி வேதவாக்கியம் சொல்ல வந்தால், "அளந்து பார்த்தாயா? உனக்குப் படி அளக்கிறவன் யார்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பூமியைக் கெடுத்தது மனிதன் கை. சீர்படுத்த வேண்டியதும் மனிதன் கையே. இதில் கடவுளுக்கு ஒரு வேலையுமில்லை.