விதேசி மோட்டாரும் சுதேசிச் சட்டமும்

கொரட்டூர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சுற்றுப்புறத்தை நோக்குவோருக்கு நம் தேசத்தின் கைத்தொழில் வளர்ச்சி கண்கூடாக விளங்கும். அருகே பாடியில் மோட்டார்ச் சக்கரங்களும் மின்கருவிகளும் செய்யும் ஆலைகள். அடுத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உதிரிப் பாகங்கள் கடையும் பட்டறைகள். அப்பால் ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை. இவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். ஆகவே, அன்னிய மோட்டார் வண்டிக்குச் சுங்க வரி கூடாதென்று நாம் ஒருபோதும் வாதிக்க மாட்டோம். சுதேசித் தொழிலுக்கு வரி ஒரு வேலி. ஆனால் வேலியின் வாசல் எங்கே இருக்கிறதென்று குடிகளுக்கே தெரியாதபடி செய்து வைப்பது எந்த நியாயம்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கப்பற்கூலியும் இன்ஷூரன்ஸும் உட்பட ரூ. 40 லட்சம் மதிப்புள்ள பெரிய பெட்ரோல் வண்டி ஒன்று புதிதாக வருகிறதென்று வைத்துக்கொள்வோம். 2025-ம் வருஷ பட்ஜெட்டில் வகுத்தபடி, 40,000 டாலருக்கு மேற்பட்ட வண்டிக்கு அடிப்படைச் சுங்கம் நூற்றுக்கு 70. விவசாய உள்கட்டமைப்பின் பெயரால் இன்னுமொரு 40. உழவுக்கும் உல்லாச மோட்டாருக்கும் என்ன சம்பந்தமோ, நாம் அறியோம்! ஆக, தீர்வை ரூ. 44 லட்சம். இரண்டும் சேர்ந்த ரூ. 84 லட்சத்தின் மீது, 2025 செப்டம்பர் 22 முதல் அமுலுக்கு வந்த விகிதப்படி, ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 40. விலை ரூ. 1 கோடியே 17 லட்சத்து 60 ஆயிரம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டு ஆயுள் வரி வேறு காத்திருக்கிறது.

செல்வர் இதைக் கொடுக்கட்டும், நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் எதைக் கொடுக்கவேண்டுமென்பது கொடுப்பவனுக்கு முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிய வேண்டாமா? நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் வண்டி வருவித்தார். சுங்கம் செலுத்திய வண்டிக்கு, 1990-ம் வருஷச் சட்டப்படி மாகாண நுழைவு வரியும் உண்டா என்பது வழக்காயிற்று. அன்னிய நாட்டுச் சரக்குக்கு அவ்வரி இல்லை என்று கேரள ஹைகோர்ட் ஒருகால் கூறியிருந்தது. உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் முடிவு செய்தது. அதே வருஷம் ஜி.எஸ்.டி. வந்து நுழைவு வரியே மறைந்தது. விஜயின் மனுவைச் சென்னை ஹைகோர்ட் தள்ளி ரூ. 1 லட்சம் அபராதம் விதித்ததோ 2021 ஜூலையில். அவரைக் குறித்த கடுமொழிகளை இரு நீதிபதிகள் அமர்ந்த பெஞ்சு நீக்கியது 2022 ஜனவரியில். வரி செலுத்துவது குடிமகன் கடமையே. எனினும் வரியே இறந்துபோன பின்னும் அதன் வழக்கு நடமாடுவது சட்டத்துக்குப் பெருமையன்று.

செல்வருக்கு வக்கீல் உண்டு. சிங்கப்பூரிலும் மலேயாவிலும் உழைத்துத் தாயகம் திரும்பும் தமிழனுக்கு யார் உண்டு? அவன் பழகிய வண்டியைக் கொண்டுவர விரும்பினால், அது செய்யப்பட்டு மூன்று வருஷத்துக்கு மேலாகியிருக்கக் கூடாது. ஓட்டுசக்கரம் வலப்புறம் இருக்கவேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்டவேண்டும். இவை ரஸ்தாவின் பத்திரத்துக்கு வேண்டியவை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பழைய வண்டி பம்பாய்த் துறைமுகத்தில் மட்டுமே இறங்கலாம் என்ற விதிக்கு என்ன நியாயம்? நம் வட்டாரத்து மோட்டார்களைக் கப்பல் கப்பலாக ஏற்றியனுப்பும் சென்னைத் துறைமுகம், திரும்பி வரும் தமிழனின் ஒரு வண்டியை இறக்கத் தகுதியற்றதா?

நேர்வழியை முள்ளால் அடைத்தால் குறுக்குவழி தானே உண்டாகும். பூட்டானிலிருந்து சுங்கமின்றி வந்து, பொய்ப் பத்திரங்களால் இந்தியப் பதிவு பெற்றனவென்று சந்தேகிக்கப்பட்ட வண்டிகளைத் தேடி, 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்க அதிகாரிகள் பெருஞ்சோதனை நடத்தினர். ‘நும்கோர்’ என்று அதற்குப் பெயர். பூட்டான் மொழியில் வாகனம் என்று பொருள். களவை நாம் மன்னிக்கவில்லை. களவினால் லாபம் பெருகும்படி விதிகளைப் பின்னியவர்களும் சற்றே யோசிக்கவேண்டும் என்கிறோம்.

2025 ஜூலை 24-ல் பிரிட்டனுடன் கையெழுத்தான உடன்படிக்கை, வரையறுத்த தொகை வண்டிகளுக்குச் சுங்கத்தைப் படிப்படியாக நூற்றுக்கு 10 ஆக்க வகை செய்கிறது. அன்னியக் கம்பெனிக்கு வேலியைத் தாழ்த்த முடியுமானால், சொந்தக் குடிமகனுக்கு வாசலைக் காட்ட முடியாதா? நாம் கோருவன மூன்று. துறைமுகம் முதல் பதிவு வரை செலுத்தவேண்டிய மொத்தத் தொகையைத் தமிழில் ஒரே அட்டவணையாக வெளியிடுக. தக்க பரிசோதனையுடன் சென்னையிலும் பழைய வண்டிகளை இறக்க அனுமதிக்குக. வரித் தகராறுகளைத் தவணை குறித்து முடித்து வைக்குக. இவற்றால் கஜானாவுக்கு ஒரு காசும் குறையாது. பாடித் தொழிலாளிக்கும் பங்கம் வராது. நம் பிரதிநிதிகள் பார்லிமெண்டில் வாய் திறப்பார்களா? வோட்டுக் கேட்டு வரும்போது தேசத் தொண்டர்கள் இதைக் கேட்டே தீரவேண்டும்.